ரூட்டர் வாங்கும்போது வாட்டுக்கு முன் காலெட்டைப் பாருங்கள்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

பிட் என்னும் வெட்டுமுனையை அதிவேகமாகச் சுழற்றி மரத்தில் பள்ளமும் விளிம்பு வடிவமும் எடுக்கும் கைக்கருவி ரூட்டர். மரவேலைக்கு அதை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது அது எத்தனை வாட் என்பதைத்தான். பல ஆண்டுகளாக இரண்டு ரூட்டர்களைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிற எனக்கு, அந்த எண்ணுக்கு முன்பாகப் பார்க்க வேண்டியவை இரண்டு உண்டு என்று தோன்றுகிறது: பிட்டைப் பிடித்துக்கொள்ளும் காலெட், இயந்திரத்தைப் பலகைமேல் நிறுத்தும் அடித்தட்டு. வெட்டு எவ்வளவு சுத்தமாக வரும் என்பது பெரும்பாலும் இவ்விரண்டின் கையில் இருக்கிறது. மோட்டாரின் வலிமையோ ஒரே ஓட்டத்தில் எவ்வளவு மரத்தை அகற்றலாம் என்பதோடு நின்றுவிடுகிறது. ஓட்டங்களைக் கூட்டிக்கொண்டால் சிறிய மோட்டாரும் அதே காடியை (நீள்பள்ளத்தை) எடுத்து முடித்துவிடும். ஆட்டம் காணும் காலெட்டை எத்தனை வாட்டாலும் ஈடுகட்ட முடியாது.

என்னிடம் உள்ளவற்றில் ஒன்று, ஒரு கையில் அடங்கும் டிரிம்மர் என்னும் சிறிய ரூட்டர். ஏறத்தாழ 700 வாட், எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு. மற்றொன்று, இரண்டு பக்கமும் கைப்பிடி கொண்ட, ஓடும்போதே மோட்டாரை ஸ்பிரிங்குக்கு எதிராக அழுத்திப் பிட்டை மரத்துக்குள் இறக்கக்கூடிய பிளஞ்ச் ரூட்டர். 2,000 வாட்டைத் தாண்டியது, எடை ஆறு கிலோ. நாளடைவில் வேலைகள் தாமாகவே இவ்விரண்டுக்கும் பிரிந்துகொண்டன. விளிம்பை உருட்டுவது, மைக்காவின் உபரியைச் சீவுவது, கீல் பதிக்கப் பள்ளம் எடுப்பது, முதுகுப் பலகைக்கு மெல்லிய காடி ஓட்டுவது ஆகியவையெல்லாம் சிறியதிடம் சென்றன. கழுந்து (மூட்டில் செருகும் நாக்கு) நுழைவதற்கான ஆழமான துளை, கதவுச் சட்டத்தின் அகலமான வடிவ விளிம்பு ஆகியவை பெரியதிடம் நின்றன. வேலையின் பெரும்பங்கைச் சிறியதுதான் சுமக்கிறது என்பதால், ஒன்றுதான் வாங்க முடியும் என்பவருக்கு நான் டிரிம்மரையே சொல்வேன். அதற்குத் தனியாகப் பொருத்தக்கூடிய பிளஞ்ச் அடித்தட்டு கிடைக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காலெட் என்பது பிட்டின் தண்டைச் சுற்றிப் பிடிக்கும், நெடுக்கில் பிளவுகள் கொண்ட சிறிய எஃகுக் குழல். நட்டை முறுக்கும்போது அது மோட்டாரின் சுழல்தண்டான ஸ்பிண்டிலின் கூம்புக் குழிக்குள் இறங்கி, எல்லாப் பக்கமும் சமமாக நெருங்கித் தண்டைப் பற்றுகிறது. பிளவுகள் அதிகமாகவும் நீளமாகவும் உள்ள காலெட், தண்டின் முழு நீளத்தையும் அணைத்துப் பிடிக்கும். ஓரிரு பிளவுகளோடு குட்டையாக இருப்பது தண்டின் ஒரு வளையத்தை மட்டும் கடித்துக்கொள்ளும். இயந்திரத்தை வாங்கும் முன் நட்டைக் கழற்றி இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. அளவு விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. சந்தையில் 6 மி.மீ., 6.35 மி.மீ., 8 மி.மீ., 12 மி.மீ., 12.7 மி.மீ. எனத் தண்டுகள் பல அளவுகளில் வருகின்றன. 6 மி.மீ. தண்டு 6.35 மி.மீ. காலெட்டுக்குள் எளிதாக நுழைந்துவிடும், நட்டும் முறுகிவிடும், கையால் இழுத்தால் வராது. ஆனால் வெட்டும் விசை வந்ததும் பிட் மெல்ல நழுவத் தொடங்கும். காடியின் ஆழம் ஒரு முனையைவிட மறுமுனையில் கூடியிருந்தால், பெரும்பாலும் காரணம் இதுவாகத்தான் இருக்கும். 12 மி.மீ. தண்டையும் 12.7 மி.மீ. காலெட்டையும் பற்றியும் இதையேதான் சொல்ல வேண்டும். வெர்னியர் காலிபரால் தண்டை அளந்த பிறகே பொருத்துவது என் வழக்கம்.

தண்டின் தடிமனால் வரும் வேறுபாடு பார்வைக்குத் தெரிவதைவிட மிகப் பெரியது. ஒரு உருளையின் வளையாத்தன்மை அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், 6.35 மி.மீ. தண்டைவிட 12.7 மி.மீ. தண்டு இரண்டு மடங்கல்ல, பதினாறு மடங்கு விறைப்பானது. 6 மி.மீ.யிலிருந்து 8 மி.மீ.க்கு மாறினாலே மூன்று மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. நீளமான பிட்டை மெல்லிய தண்டில் ஓட்டும்போது மரத்தில் விழும் சிற்றலை போன்ற வரிகள், அதே வடிவத்தைத் தடித்த தண்டில் ஓட்டும்போது காணாமல் போவதற்கு இதுவே காரணம். டிரிம்மரில் 8 மி.மீ. காலெட் பொருந்துமானால் அதற்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன்.

பிட்டை உள்ளே முட்டும்வரை தள்ளி, பிறகு இரண்டு அல்லது மூன்று மி.மீ. வெளியே இழுத்துக்கொண்டு நட்டை முறுக்க வேண்டும். முறுக்கும்போது காலெட் சற்றுக் கீழிறங்குவதால், அடியில் முட்டியிருக்கும் தண்டு அதோடு சேர்ந்து இறங்க இடமில்லாமல் பிடி முழுமை பெறாது. தண்டின் நீளத்தில் முக்கால் பங்காவது உள்ளே இருக்க வேண்டும். காலெட்டின் உட்புறத்தில் பிசினும் தூளும் சேர்ந்து கறுத்துப்போகும். பித்தளைக் கம்பிப் பிரஷ்ஷால் அவ்வப்போது தேய்த்து எடுத்தால் போதும், எண்ணெய் போடக் கூடாது. காலெட் தேய்ந்துபோகும் பொருள் என்பதை மறந்துவிடுகிறோம். புதிய பிட்டின் தண்டிலும் கறுப்பு வளையங்கள் விழத் தொடங்கினால் அதை மாற்றிவிட வேண்டும். ஆகவே அந்த மாதிரிக்கு உதிரிக் காலெட் தனியாகக் கிடைக்கிறதா என்பதும் வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி.

வேகத்தை மாற்றும் வசதி இல்லாத இயந்திரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுழற்சி எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தாலும், பிட்டின் விட்டம் கூடக் கூட அதன் வெளி விளிம்பு ஓடும் வேகம் கூடிக்கொண்டே போகிறது. 25 மி.மீ. பிட் நிமிடத்துக்கு 24,000 சுற்றில் சுழலும்போது அதன் முனை நொடிக்கு ஏறத்தாழ 31 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதே சுழற்சியில் 80 மி.மீ. பிட்டைப் போட்டால் முனை நொடிக்கு 100 மீட்டரைத் தொட்டுவிடும். அந்த நிலையில் அதன் அருகில் நிற்பதே ஆபத்து. 10,000 சுற்றுக்குக் குறைத்தால் 42 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. பிட்டின் உறையில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகத்தை மீறாமல், விட்டம் 25 மி.மீ.யைத் தாண்டியதும் 18,000க்கும், 50 மி.மீ.யைத் தாண்டியதும் 16,000க்கும் அதற்குக் கீழும் இறக்கிக்கொள்வது என் நடைமுறை. மரம் கருகுவதும் வேகத்தோடு தொடர்புடையதே. பலர் பிட் மழுங்கிவிட்டது என்று எண்ணுவார்கள், ஆனால் ஒரே இடத்தில் தயங்கி நின்றாலோ மிக மெதுவாகத் தள்ளினாலோ கூரான பிட்டும் மரத்தைக் கருக்கும். சுழற்சியைக் குறைத்து, கையின் வேகத்தைச் சீராகக் கூட்டினால் கருமை நின்றுவிடும். பெரிய இயந்திரத்தில் மெதுவாகத் தொடங்கும் வசதியும் அவசியம். அது இல்லாவிட்டால் சுவிட்சைப் போட்டவுடன் முழு இயந்திரமும் கையில் முறுக்கிக்கொள்ளும்.

அடித்தட்டைப் பொறுத்தவரை, ஆழத்தை நுட்பமாகக் கூட்டிக் குறைக்கும் திருகும், பூட்டிய பிறகு அசையாத பூட்டும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சில டிரிம்மர்களில் நெம்பைப் பூட்டும் கணத்திலேயே ஆழம் கால் மி.மீ. நகர்ந்துவிடுகிறது, காடியில் அது பொருட்டல்ல, மைக்காவைச் சீவும்போது அது பெருங்குறை. வட்டமான அடித்தட்டின் நடுவில் ஸ்பிண்டில் மிகச் சரியாக அமைந்திருப்பது அரிது. எனவே நேர்ச்சட்டத்தை ஒட்டி ஓட்டும்போது இயந்திரத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பிடித்தால் காடி வளையும். தட்டில் ஓர் இடத்தில் அடையாளமிட்டு, அந்த இடமே தொடக்கம் முதல் முடிவுவரை சட்டத்தைத் தொட்டிருக்குமாறு ஓட்டினால் இந்தக் குறை முற்றிலும் மறைந்துவிடும். ஒரு பக்கம் தட்டையாக வெட்டப்பட்ட அடித்தட்டு இதற்கு இன்னும் ஏற்றது. டிரிம்மரின் சிறிய தட்டு பலகையின் மூலையில் பாதி வெளியே தொங்கும்போது சாய்ந்துவிடும் இயல்புடையது; ஒரு பக்கம் நீண்டு கைப்பிடி பொருத்திய தட்டை அக்ரிலிக்கில் செய்து மாட்டிய பிறகு விளிம்பு வேலையில் எனக்குக் கிடைத்த முன்னேற்றம், இயந்திரத்தையே மாற்றியிருந்தாலும் கிடைத்திருக்காது.

பிட்டுகளுக்கு வருவோம். எண்ணிக்கை மிகுந்த பெட்டித் தொகுப்புகளை நான் விரும்புவதில்லை. அவற்றில் ஐந்தாறு மட்டுமே திரும்பத் திரும்பக் கைக்கு வரும், மற்றவை பெட்டியிலேயே துருப்பிடிக்கும். நேர்வெட்டு பிட் 6 மி.மீ.யிலும் 12 மி.மீ.யிலும், விளிம்பைத் தொட்டு உருண்டு பிட்டை வழிநடத்தும் பேரிங் அடியில் உள்ள ஒன்று, மேலே பேரிங் உள்ள ஒன்று, சிறிய உருட்டு பிட், 45 டிகிரி சரிவு பிட் ஆகியவற்றை நல்ல தரத்தில் தனித்தனியாக வாங்குவதே சிக்கனம். முனையில் கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருள் வைத்ததே வேண்டும், பிளைவுட்டிலும் எம்.டி.எஃப். என்னும் மரநார்ப் பலகையிலும் உள்ள பசை சாதாரண அதிவேக எஃகை வெகு விரைவில் மழுக்கிவிடும். தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா உண்டு என்பதால் கார்பைடுகூட அதில் சீக்கிரம் தேய்கிறது. வெட்டு மந்தமானதும் பிட்டைத் தூக்கி எறிவதற்கு முன், அதில் படிந்திருக்கும் பிசினைக் கரைப்பானில் ஊறவைத்துத் தேய்த்துப் பாருங்கள். பாதி சமயம் கூர் அங்கேயே இருக்கும், பிசின்தான் அதை மறைத்திருக்கும். கழுவும்போது பேரிங்கைக் கழற்றி வைத்துவிட வேண்டும், இல்லையேல் உள்ளிருக்கும் மசகும் கரைந்துபோகும்.

ரூட்டரின் உண்மையான பயன் அச்சு எனும் மாதிரிப் பலகையைப் பார்த்து நகலெடுப்பதில் இருக்கிறது என்பேன். 12 மி.மீ. எம்.டி.எஃப்.பில் வேண்டிய வளைவை வெட்டி, அரம் போட்டு, உப்புத்தாளால் தேய்த்துக் குறையில்லாமல் ஆக்கிவிட்டால், நாற்காலியின் கால்கள் நான்கும் ஒன்றுபோல வந்துவிடும். அச்சில் உள்ள சிறு பள்ளத்தையும் பேரிங் அப்படியே மரத்துக்குக் கொண்டுபோகும் என்பதால், செலவிட வேண்டிய நேரம் முழுவதும் அச்சில்தான். முதலில் ஜிக்சாவால் கோட்டுக்கு வெளியே இரண்டு மி.மீ. விட்டு வெட்டிக்கொண்டு, அந்த மிச்சத்தை மட்டும் ரூட்டருக்கு விட வேண்டும். வளைவில் ஓடும்போது ஓரிடத்துக்குப் பிறகு மர இழை பிட்டுக்கு எதிராகத் திரும்பிவிடும்; அங்கேதான் மரம் சிராயாகப் பிளந்து தெறிக்கும். மேலும் கீழும் பேரிங் உள்ள பிட் இருந்தால், அந்த இடம் வந்ததும் மரத்தை அச்சோடு சேர்த்துப் புரட்டிப் போட்டு, மற்றொரு பேரிங் அச்சைத் தொடுமாறு பிட்டின் உயரத்தை மாற்றி, மறுபாதியையும் இழையோடு இணங்கியே வெட்டலாம். விலை கூடிய பிட்டுகளில் இதற்குக் கொடுத்த பணத்தை மட்டும் நான் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை.

அடித்தட்டில் பொருத்தும் வழிகாட்டி வளையம் கொண்டும் நகலெடுக்கலாம். அப்போது வெட்டு அச்சின் விளிம்பிலிருந்து சற்று விலகி விழும். வளையத்தின் வெளிவிட்டத்திலிருந்து பிட்டின் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்கினால் அந்த விலகல் கிடைக்கும். 16 மி.மீ. வளையத்தில் 6 மி.மீ. பிட் என்றால் 5 மி.மீ. கீல் பள்ளங்களுக்கு இதுவே எனக்கு ஏற்ற முறை.

தள்ளும் திசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேலிருந்து பார்க்கும்போது பிட் கடிகாரச் சுற்றில் சுழல்வதால், பலகையின் வெளி விளிம்பில் அதற்கு எதிர்ச்சுற்றாகவும், உள்ளே வெட்டிய திறப்பின் விளிம்பில் கடிகாரச் சுற்றாகவும் இயந்திரத்தை நகர்த்த வேண்டும். மாற்றி நகர்த்தினால் பிட் சக்கரம்போல் மரத்தின்மேல் ஏறி ஓடப் பார்க்கும். நான்கு விளிம்புகளையும் வெட்டுவதானால் குறுக்கிழை விளிம்புகளை முதலில் முடிக்க வேண்டும். மூலையில் தெறிக்கும் சிராய் அடுத்து வரும் நெடுக்கு வெட்டில் நீங்கிவிடும். ஆழத்தைப் பொறுத்தவரை, 6 மி.மீ. பிட்டில் கடினமரத்துக்கு ஓர் ஓட்டத்துக்கு 3 மி.மீ. போதும். அடியில் அகன்று மேலே குறுகும் புறாவால் பிட் மட்டும் இதற்கு விலக்கு. அதன் வடிவத்தால் படிப்படியாக ஆழம் கூட்ட முடியாது என்பதால், நேர்வெட்டு பிட்டால் நடுமரத்தை எடுத்துவிட்டு அதை முழு ஆழத்தில் ஒரே ஓட்டமாக ஓட்ட வேண்டும்.

பெரிய ரூட்டர் இப்போது மேசைக்கு அடியில் தலைகீழாகத் தொங்குகிறது. சிறு துண்டுகளைக் கையால் பிடித்து ரூட்டரை ஓட்டுவதைவிட, நிலையாக நிற்கும் பிட்டிடம் வலமிருந்து இடமாகத் துண்டைக் கொண்டுபோவது எவ்வளவோ பாதுகாப்பானது. மேசைக்கென்று இயந்திரம் தேர்ந்தெடுப்பவர்கள், தலைகீழாக இருக்கும்போது ஆழத்தை மேலிருந்தே மாற்ற முடியுமா என்பதையும், பிளஞ்ச் ஸ்பிரிங்கைக் கழற்ற முடியுமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங் இருக்கும்வரை எடையோடு அதன் எதிர்ப்பையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருக்கும்.

காதடைப்பான் இல்லாமல் இந்த இயந்திரத்தை இயக்கக் கூடாது. இதன் இரைச்சல் 85 டெசிபலை எளிதாகத் தாண்டும். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. ரூட்டர் எழுப்புவது கண்ணுக்குத் தெரியாத நுண்தூளையும் சேர்த்துத்தான் என்பதால், தூள் உறிஞ்சியைப் பொருத்தினாலும் முகமூடியை நான் கழற்றுவதில்லை. அதே தூள்தான் இயந்திரத்துக்கும் எதிரி. எம்.டி.எஃப். வேலை முடிந்ததும் காற்றுத் துவாரங்களை ஊதிச் சுத்தம் செய்யாவிட்டால் முதலில் சுவிட்ச் மக்கர் செய்யும். மோட்டாருக்குள் பொறி அதிகமாகத் தெரிந்தாலோ ஓட்டம் விட்டுவிட்டு வந்தாலோ சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ்கள் குட்டையாகிவிட்டன என்று பொருள். வெளியிலிருந்தே திருகைக் கழற்றி மாற்றும் அமைப்பு இருந்தால் அது சில நிமிட வேலை. இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். மோட்டாரின் பேரிங் தேய்ந்தால் ஒலி கரகரப்பாக மாறும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஸ்பிண்டிலைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தால் ஆட்டம் விரலுக்கே தெரியும். பேரிங்கின் மேலுள்ள அளவு எண்ணைக் குறித்துக்கொண்டு போனால், சாதாரண பேரிங் விற்கும் எவரிடமும் அது கிடைக்கும்.