வெளிச்சம் போகாத கண்ணுக்கு ஸ்கான்: கொழும்பில் அம்மா அப்பாவுக்குக் கண் காட்டப் போகிறவர்களுக்கு

லண்டன், டொரொண்டோவில் இருந்து லீவுக்கு வருகிறவர்களின் வேலைப் பட்டியலில் கோயில், கலியாண வீட்டோடு சேர்த்து 'அம்மாவுக்குக் கண் காட்ட வேணும்' என்பதும் இருக்கும். கொழும்பில் அதற்கு இரண்டு வழி. லிப்டன் சுற்றுவட்டத்தடியில் தேசிய கண் வைத்தியசாலை: காசில்லை, ஆனால் வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும். மற்றது தனியாரில் சனல் பண்ணி, அதாவது டொக்டரை முன்பதிவு செய்து, காட்டுவது: டொக்டருக்கு ஒரு பில், ஸ்கானுக்கு இன்னொரு பில். எங்கே போனாலும் வெண்புரை முற்றிக் கண் பாலாய் வெளுத்திருந்தால் துண்டில் 'பி-ஸ்கான்' என்று, அதாவது சத்த அலையால் கண்ணுக்குள் படம் பிடிக்கும் ஸ்கான் என்று, எழுதுவார்கள். அதைக் காசு பிடுங்கும் வேலை என்று நினைத்துத் தட்டிக் கழிக்கிற பிள்ளைகள் உண்டு. அது பிழை.

முற்றிய வெண்புரைக்குள் வெளிச்சம் போகாது. டொக்டரின் லென்ஸாலும் விழித்திரையைப் பார்க்க முடியாது. கண்ணின் நீளத்தை ஒளியால் அளக்கும் விலை கூடிய மெஷினும் 'அளக்க முடியவில்லை' என்று கையை விரித்துவிடும். சத்தம் மட்டும் உள்ளே போய்த் திரும்பி வரும். பின்னால் விழித்திரை கழன்றிருந்தால், வெண்புரையை எடுத்துவிட்டு எவ்வளவு நல்ல வில்லை வைத்தாலும் பார்வை வராது. அதை முன்கூட்டியே சொல்லக்கூடியது இந்த ஸ்கான்தான்.

கண்ணுக்கென்று செய்த புரோப், அதாவது இமையில் வைத்துச் சத்தத்தை அனுப்பி வாங்கும் கருவி, தடித்த பேனை அளவு இருக்கும். பொதுவாக 10 மெகாஹேர்ட்ஸ். அது இல்லாத இடத்தில், கழுத்து, நரம்பு பார்க்கிற சாதாரண ஸ்கான் மெஷினின் 7.5 முதல் 15 மெகாஹேர்ட்ஸ் வரையான நேர்ப் புரோப்பையே மூடிய இமைக்கு மேல் வைத்துப் பார்க்கலாம். படம் தெளிவாகவே வரும். ஒரு நிபந்தனை: மெஷினைக் கண்ணுக்கான செட்டிங்கில் போட வேண்டும். வயிற்றுக்குப் போடும் சக்தி கண்ணுக்கு அதிகம். சத்த அலையின் வலுவைக் காட்டும் எண்ணான மெக்கானிக்கல் இன்டெக்ஸ் கண்ணுக்கு 0.23-ஐத் தாண்டக்கூடாது. அந்த எண் திரையின் ஓரத்திலேயே இருக்கும்.

ஜெல்லில் கஞ்சத்தனம் கூடாது. இமைக்கும் புரோப்புக்கும் இடையில் காற்றுப் புகுந்தால் படம் கறுத்துப் போகும். மூக்கோரத்தில் உள்ள பள்ளம் நிரம்பும் அளவுக்கு ஜெல் வைத்து, கையைக் கன்னத்து எலும்பில் ஊன்றி, புரோப் ஜெல்லில் மிதக்கிற மாதிரிப் பிடிப்பார்கள். அழுத்துகிற கை பழகாத கை. கண்ணில் அடிபட்டு விழி கிழிந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் புரோப்பை வைக்கவே கூடாது. அழுத்தத்தில் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும்.

இனித்தான் நம் ஆட்கள் இடறுகிற இடம். பி-ஸ்கான் அசையாத படம் அல்ல. நோயாளி மேலே, கீழே, இடம், வலம் என்று விழியை உருட்ட, உள்ளே எது எப்படி அலைகிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். ஸ்கான் எடுப்பவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது என்றால், அவர் 'உட பலன்ன' என்று சொல்ல அம்மா இமையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடப்பா. பாதிப் பரிசோதனை அங்கேயே போய்விடும். முதல்நாள் இரவு வீட்டில் ஐந்து நிமிடம் பழக்கிவிடுங்கள்: உட என்றால் மேலே, பல்லெஹா கீழே, வமட இடப்பக்கம், தகுணட வலப்பக்கம், எஸ் வஹன்ன என்றால் கண்ணை மூடு. முடிந்தால் அறைக்குள் ஒருவர் கூடவே நின்று தமிழில் சொல்லிக் கொடுக்கலாம். கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள்.

அந்த அசைவுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? வயது போனால் விழிக்குள் இருக்கும் பாகு சுருங்கி விழித்திரையை விட்டு விலகும். அதுவும் திரையில் வெள்ளைக் கோடாகத்தான் தெரியும், கழன்ற விழித்திரையும் வெள்ளைக் கோடாகத்தான் தெரியும். விழித்திரை என்றால் கோடு தடித்து, பார்வை நரம்பு தொடங்கும் இடத்தில் ஒட்டியபடி, விறைப்பாக ஆடும். திரும்பி வரும் சத்தத்தை மெஷின் பெருக்கிக் காட்டும் அளவான கெயினைக் குறைத்தாலும் மங்காது. பாகின் தோல் என்றால் தண்ணீரில் விழுந்த துணி போல அலையும்; கெயினை 90 டெசிபெல்லில் இருந்து 60-க்கு இறக்கினால் பெரும்பாலும் மறைந்துவிடும். இரத்தம் கசிந்த கண்ணில் அந்தத் தோல் தடித்து ஆளை ஏமாற்றும். ஒரே ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் வெளிநாட்டு டொக்டருக்கு அனுப்பி 'என்ன சொல்றீங்கள்' என்று கேட்பதில் பயனில்லை. கண் அசையும்போது எடுத்த பத்து விநாடி வீடியோ கேளுங்கள்.

வில்லையின் பவர் கணக்கு வேறு ஸ்கான். அது ஏ-ஸ்கான், விழியின் நீளத்தை அளப்பது. சாதாரணக் கண் 23 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூட. அதில் 1 மில்லிமீட்டர் பிழைத்தால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஏறத்தாழ இரண்டரை, மூன்று பவர் கண்ணாடி போட வேண்டி வரும். புரோப்பைக் கருவிழியில் நேரே வைத்து அளந்தால் அந்த மெல்லிய அழுத்தத்திலேயே கண் குறுகிக் காட்டும். விழிமேல் சிறு கிண்ணம் வைத்துத் தண்ணீர் நிரப்பி அளக்கும் முறையில் இந்தப் பிழை இல்லை. எந்த முறை என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். இரண்டு கண்ணையும் அளக்கச் சொல்லுங்கள். 0.3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் திரும்ப அளக்க வேண்டும்.

வெளிநாட்டில் விழித்திரை ஒபரேஷன் செய்து சிலிகன் எண்ணெய் விட்ட கண் என்றால் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். விழிப்பாகில் சத்தம் விநாடிக்கு 1532 மீட்டர் போகும்; எண்ணெயில் 1000 மீட்டரை ஒட்டித்தான். செட்டிங்கை மாற்றாவிட்டால் 23 மில்லிமீட்டர்க் கண்ணை மெஷின் 30-க்கு மேல் காட்டும். உள்ளே விட்டது எண்ணெயா வாயுவா என்பது பழைய டிஸ்சார்ஜ் கடிதத்தில் இருக்கும். அது அலுமாரியில் கிடக்க இங்கே வந்து நின்று பயனில்லை.

ஸ்கானில் விழித்திரை கழன்றது தெரிந்து, இங்கேயே ஒபரேஷன் என்று முடிவாகி, நோயாளியும் விமானம் ஏற இருந்தால் டிக்கெட் திகதியையும் டொக்டரிடம் சொல்லுங்கள். கண்ணுக்குள் வாயு விட்டால் அது கரையும்வரை விமானம் ஏறக்கூடாது: உயரத்தில் வாயு விரிந்து கண்ணின் அழுத்தம் ஏறி, பார்வையே போகலாம். வாயுவின் வகையைப் பொறுத்து இரண்டு மூன்று கிழமையில் இருந்து இரண்டு மாதம் வரை பிடிக்கும். மூன்று கிழமை லீவில் வந்தவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

புரோப் முனையைத் துடைத்தார்களா என்று பாருங்கள், துடைத்தது காய்ந்ததா என்றும் பாருங்கள். ஈர ஸ்பிரிட்டோடு கண்ணில் வைத்தால் கருவிழி எரிந்துவிடும். பிறகு ரிப்போர்ட். ஸ்கான் படம் வருவது பெரும்பாலும் சூடுபட்டால் கறுக்கும் வழுவழுப்பான தாளில். பைலுக்குள் போட்டு வெயிலில் நின்ற வாகனத்தில் விட்டால் வீடு வந்து சேரும்போது படம் இராது. கௌண்டரிலேயே போனில் எடுத்து, எந்தக் கண், என்ன திகதி என்பது தெரிகிறதா என்று ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள்.