மரக்கட்டையா, லாக் ஆகுற பிளாஸ்டிக் பிளாக்ஸா? ஒரு வருஷம் ரெண்டையும் வெச்சு பாத்ததுல தெரிஞ்சது

பாப்பாவுக்கு 1 வயசு 3 மாசம் ஆனப்போ பெரிய சைஸ் பில்டிங் பிளாக்ஸ் வாங்கலாம்னு ஆரம்பிச்சு, எது நல்லதுன்னு முடிவு பண்ண முடியாம கடைசில மூணு வகையும் வீட்டுக்கு வந்துடுச்சு. லாக் ஆகுற பிளாஸ்டிக் பிளாக்ஸ் அவ அத்தை குடுத்தது, மரக்கட்டை நாங்க பெங்களூர்லேர்ந்து மைசூர் போறப்போ வழியில மர பொம்மைக்கு பேர் போன சென்னபட்டணாவுல வண்டியை நிறுத்தி வாங்கினது, ஃபோம் பிளாக்ஸ் ஆன்லைன்ல. இப்போ அவளுக்கு 2 வயசு 4 மாசம். என் ஓட்டு எதுக்குன்னு முதல்லயே சொல்லிடறேன், ரெண்டு வயசு வரைக்கும் மரக்கட்டைதான், அதுக்கு அப்புறம்தான் பிளாஸ்டிக்.

ஃபோமை சீக்கிரம் முடிச்சிடலாம். லேசா இருக்கும், மேல விழுந்தா வலிக்காது, சத்தம் வராது. ஆனா பல்லு முளைக்கிற குழந்தைக்கு அது ஆகவே ஆகாது. மூணாவது நாளே ஒரு மூலையை கடிச்சு வாய்க்குள்ள வெச்சிருந்தா, விரல் விட்டு எடுக்குறதுக்குள்ள எனக்கு உயிரே போயிடுச்சு, அன்னிக்கே பரண்ல போட்டாச்சு. மூணு நாள் அனுபவத்துல சொல்றேன், கடிக்கிற வயசு தாண்டின குழந்தைங்களுக்கு நல்லாவே இருக்கலாம்.

சைஸ் விஷயத்துல மட்டும் எது வாங்கினாலும் காம்ப்ரமைஸ் பண்ணாதீங்க. மூணு வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கான பொம்மையை டெஸ்ட் பண்ண 3.17 செ.மீ அகலத்துல ஒரு குழாய் வெச்சிருப்பாங்க, அதுக்குள்ள முழுசா போயிடற எதுவும் தொண்டையில அடைக்கும்னு கணக்கு. வீட்டுல டிஷ்யூ ரோலுக்குள்ள இருக்குற அட்டைக்குழாயில போட்டு பாருங்க, அது கொஞ்சம் பெருசா இருக்கறது இன்னும் சேஃப். எங்க மரக்கட்டையில சின்னதே 5 செ.மீ அகலம்.

சரி, இப்போ நான் ஏன் மரக்கட்டை பக்கம் நிக்கிறேன்னு சொல்றேன். பிடிச்ச பொருளை கையிலேர்ந்து விட பழகறதுதான் காரணம். ஒரு பொருளை பிடிக்கிறது குழந்தைக்கு பிறந்ததுலேர்ந்தே வரும், ஆனா பிடிச்சதை நாம நினைச்ச இடத்துல, நினைச்ச நேரத்துல, ஆட்டாம விடறதுன்னா ஒரு வயசுக்கு மேலதான் மெல்ல மெல்ல பழகும். நான் இதை கண்ணால பாத்தேன். முதல் வாரம் ஒரு கட்டை மேல இன்னொரு கட்டையை கொண்டு வந்து வெப்பா, வெச்சதும் கையை எடுக்கணுமே, விரல் எல்லாம் ஒண்ணா திறக்காது, பெருவிரல் மட்டும் விலகும், மத்த விரல் கட்டையை இழுத்துட்டு வரும், ரெண்டும் சேர்ந்து கீழ விழும். நான் போய் பிடிக்க கை நீட்டுவேன், ஈரோட்டுலேர்ந்து வந்திருந்த எங்க அம்மா, "கண்ணு, நீ சும்மா இரு, அவளே வெக்கட்டும்"னு தடுப்பாங்க. மூணாவது வாரத்துல ஒரு நாள் வெச்சா, மூச்சை பிடிச்சுட்டு அஞ்சு விரலையும் ஒரே நேரத்துல விரிச்சா, கையை மெதுவா மேல தூக்கினா. நின்னுடுச்சு. அப்படியே எங்க ரெண்டு பேரையும் திரும்பி பாத்தா.

பிளாஸ்டிக்ல இது நடக்கவே இல்ல, ஏன்னா அதுல மேல இருக்குற குமிழும் கீழ இருக்குற குழியும் நேரா உக்காரணும், அப்புறம் அழுத்தணும். அந்த வயசுல கழட்ட வரும், மாட்ட வராது. ரெண்டு பிளாக்கை எடுத்துட்டு வந்து எங்க மடியில வெச்சு "ம்ம், ம்ம்"னு நீட்டுவா, நாங்க மாட்டி குடுப்போம், அவ பிச்சு போடுவா. வேலை பூரா நாங்கதான் பண்ணினோம். இன்னொண்ணு, லாக் ஆயிட்டா கோணலா வெச்சாலும் நிக்கும். மரக்கட்டை பாதிக்கு மேல வெளிய நீட்டினா விழுந்துடும், கீழ சின்னதும் மேல பெருசும் வெச்சா ஆடும், யாரும் சொல்லித் தராமலே அது அவளுக்கு புரிஞ்சுது, ஒன்றரை வயசுக்கு மேல பெருசை தேடி எடுத்து அடியில வெக்க ஆரம்பிச்சா.

குழந்தை டாக்டர்ங்க வளர்ச்சி பாக்குறதுக்கு கட்டையை அடுக்கச் சொல்றதும் இதனாலதான், அதுவும் லாக் இல்லாத சாதா கட்டை. தோராயமா 15 மாசத்துல 2, ஒன்றரை வயசுல 3, ரெண்டு வயசுல 6, மூணு வயசுல 9னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. ஒண்ணு ரெண்டு முன்ன பின்ன இருக்கும், அதுக்காக பயந்துடாதீங்க.

பேச்சுக்கு பிளாக்ஸ் உதவுமான்னு கேட்டா, 2007ல அமெரிக்காவுல சியாட்டில்ல ஒன்றரை வயசுலேர்ந்து ரெண்டரை வயசு வரைக்கும் உள்ள குழந்தைங்களை வெச்சு ஒரு ஆய்வு பண்ணி, பிளாக்ஸ் குடுத்த வீட்டு குழந்தைங்களுக்கு மொழி மார்க் அதிகம்னு சொன்னாங்க, ஆனா அதுக்கு பணம் குடுத்தது ஒரு பிளாக்ஸ் கம்பெனிதான், அதையும் மனசுல வெச்சுக்கணும். எங்க வீட்டுல நடந்தது என்னன்னா, கட்டை விழும்போதெல்லாம் வேலைக்கு வர்ற அக்கா "பித்து"ம்பாங்க, கன்னடத்துல விழுந்துடுச்சுன்னு அர்த்தம், பெங்களூர்ல பொறந்த எங்க பாப்பா தெளிவா சொன்ன மூணாவது வார்த்தை அதுதான். அப்புறம் மேல, கீழ, இன்னொண்ணு, எல்லாமே அந்த கட்டைங்களோட உக்காந்து பேசிப் பேசி வந்ததுதான்.

மரத்துல கஷ்டமும் இருக்கு, மறைக்க மாட்டேன். கழுவ முடியாது. பிளாஸ்டிக்கை ஒரு வலைப்பையில போட்டு பக்கெட்ல சோப்புத் தண்ணியில ஊற வெச்சு எடுத்துடலாம், மரக்கட்டையை ஈரத்துணியில துடைச்சு உடனே காய வெக்கணும். ஒரு தடவை எச்சிலா இருக்கேன்னு அம்மா நாலு கட்டையை வெந்நீர்ல போட்டுட்டாங்க, பளபளப்பு போய் விளிம்பு சொரசொரன்னு ஆயிடுச்சு. சென்னபட்டணா பொம்மையில கடைசல் சுத்தும்போதே கலர் கலந்த அரக்கை சூட்டுல ஏத்தி, தாழை மடலால தேச்சு மெருகேத்துவாங்க, அது மேல வெந்நீர் ஊத்தினா தாங்காது. அப்புறம் சத்தம், ரெண்டாவது மாடியில நாங்க, கீழ் வீட்டு ஆன்ட்டிக்கு மதியம் தூங்கணும், அதனால தரையில பவானி ஜமக்காளத்தை ரெண்டா மடிச்சு போட்டுட்டோம், மடிப்பு மேல கட்டை ஆடும்ங்கறதால நடுவுல ஒரு பலகை.

வாங்கும்போது ஒண்ணு கவனிங்க. 2021 ஜனவரிலேர்ந்து 14 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கான பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், பிளாஸ்டிக் பிளாக்ஸ்ல அது இல்லாம வாங்காதீங்க. பதிவு பண்ணின கைவினைஞர்கள் செஞ்சு விக்கிற பொம்மைக்கும் புவிசார் குறியீடு வாங்கின பொருளுக்கும் விலக்கு உண்டு, அதனால சென்னபட்டணா கட்டையில முத்திரை இல்லேன்னு போலின்னு நினைச்சுக்க வேண்டாம். அரக்குல கலந்த கலரா, பெயின்டான்னு கேளுங்க. அவ்ளோ தூரம் போக முடியலேன்னா பெங்களூர்ல கர்நாடக அரசோட கைவினைப் பொருள் கடையான காவேரி எம்போரியத்துல சென்னபட்டணா பொம்மை கிடைக்கும்.

ரெண்டு வயசு தாண்டினதும் அத்தை குடுத்த பிளாஸ்டிக்கை மறுபடி எடுத்தோம். இப்போ விரல்ல பலம் வந்துடுச்சு, அவளே மாட்டறா, நீளமா ரயில் பண்ணி தரையில இழுத்துட்டு போறா, மரக்கட்டையில அந்த ரயில் வராது. மரக்கட்டையையும் விடல, ரயில் நிக்கிற ஸ்டேஷன் அதுலதான் கட்டறா.