"கடல் ஐந்து நிமிடம்" என்பதை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்: பிரெத்தாஞ் கோடை வீட்டில் எங்களுக்கு நடந்தது

இந்தக் கோடைக்குப் பிரெத்தாஞ் கடற்கரையில் வீடு தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். பிரான்சின் மேற்கு முனையில் இருக்கும் பகுதி அது. ஆங்கிலத்தில் பிரிட்டனி என்பார்கள். போன ஜூலையில் ஒரு வாரத்துக்கு அங்கே வீடு எடுத்தோம். வாடகை 850 யூரோ, பிணைத்தொகை 400, போய் இறங்கிய பிறகு கேட்டு வாங்கியது 150. ஆக 1,400 யூரோ கொடுத்தோம். நான்கு மாதம் போராடித் திரும்பப் பெற்றது 250.

நாங்கள் பாரிஸுக்கு வடக்கே சார்செல்லில் இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள். புதுச்சேரியிலிருந்து அம்மா வந்திருந்தார். பிள்ளைகளுக்குக் கடலில் விளையாட வேண்டும். அம்மாவுக்கு லோரியான் துறைமுகத்தைப் பார்க்க வேண்டும். புதுச்சேரிக்குக் கப்பல் விட்ட பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1666இல் உருவான ஊர் அது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். அதனால் இந்த ஒரு வாரத்தை நாங்கள் எல்லோருமே மாதக்கணக்கில் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏப்ரலில் ஒரு வாடகைத் தளத்தில் அந்த வீட்டைப் பார்த்தேன். சேன்-பிரியூ விரிகுடா ஓரம், கல் வீடு, நீலச் சன்னல், மாடியிலிருந்து கடல் தெரிகிற மாதிரி ஒரு படம். "கடற்கரை 5 நிமிடம்" என்று எழுதியிருந்தது. வாரம் 950 யூரோ. விவரம் கேட்டு எழுதியதும் வீட்டுக்காரர் அன்றே பதில் போட்டார், மிகவும் மரியாதையாக. தளம் நிறையக் கமிஷன் பிடிக்கிறது, நேராக வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் 100 யூரோ குறைத்துக்கொள்கிறேன் என்றார். சரி என்று அனுப்பிவிட்டேன். எல்லாம் கெட்டது அந்த இடத்தில்தான். தளத்தின் வழியாகக் கட்டியிருந்தால், போய் இறங்கிய அன்றே படம் எடுத்து அனுப்பிப் புகார் சொல்லியிருக்கலாம். பிறகு நான் எழுதியபோது அவர்கள் சொன்ன பதில் ஒரே வரி: பணம் எங்கள் வழியாக வரவில்லை, நாங்கள் எதுவும் செய்ய முடியாது.

ஒப்பந்தம் கேட்டேன். "இந்த மின்னஞ்சலே போதும், மதாம்" என்றார். அது போதாது என்று எனக்கு அப்போது தெரியாது. பிரான்சில் கோடை வாடகைக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். விலையும், வீடு எப்படிப்பட்டது என்ற விவரக் குறிப்பும் அதில் இருக்க வேண்டும் என்று சுற்றுலாச் சட்டமே சொல்கிறது. கடல் எவ்வளவு தூரம், சுற்றுப்புறம் எப்படி என்பதெல்லாம் அந்தக் குறிப்பில்தான் வரும். அதைக் கொடுக்க ஒருவர் தயங்கினால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். ஏஜென்சி மூலம் எடுத்தால் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. முன்பணம் வாடகையில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஆறு மாதத்துக்கு முன்னால் வாங்கவும் கூடாது. தனியாரிடம் எடுக்கும்போது இந்த வரம்பு கிடையாது. நான் மே மாதத்திலேயே முழுப் பணத்தையும் பிணைத்தொகையையும் கட்டி முடித்திருந்தேன்.

சனிக்கிழமை காலையில் காரில் கிளம்பினோம். சுமார் 450 கிலோமீட்டர். லா கிராவெல் சுங்கச்சாவடியைத் தாண்டினால் பிரெத்தாஞ் முழுக்கச் சுங்கமே இல்லை, சாலையும் நன்றாக இருக்கும். மாலை நான்கு மணிக்கு வீட்டுக்கு முன்னால் நின்றோம். கடல் எங்கே என்று பெரியவள் கேட்டாள். சுற்றிலும் மக்காச்சோள வயல், சற்றுத் தள்ளி ஒரு பன்றிப் பண்ணை. கடற்கரை நாலு கிலோமீட்டர். ஐந்து நிமிடம் என்றது காரில். மாடியறைச் சன்னலில் எட்டிப் பார்த்தால் மரங்களுக்கு நடுவே நீலமாக ஒரு கோடு தெரிந்தது. சாவி கொடுக்க வந்த அம்மாள் துப்புரவுக்கு 90, படுக்கை விரிப்புக்கு ஆளுக்கு 12 என்று ரொக்கமாகக் கேட்டார். விளம்பரத்தில் இது எதுவும் இல்லை. அம்மா காரில் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். வேறு வழியில்லாமல் கொடுத்தேன்.

மறுநாள் கடற்கரைக்குப் போனோம். இறங்கும் பாதையை மறித்து மேரி ஒட்டிய உத்தரவு. புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மேரி என்றால் நகராட்சி அலுவலகம். பச்சைப்பாசி காரணமாகக் கடற்கரை மூடப்பட்டிருக்கிறது என்று அதில் இருந்தது. காற்றில் அழுகிய முட்டை வாடை. சின்னவன் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டான்.

இந்தப் பச்சைப்பாசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விளம்பரம் எதுவும் இதைச் சொல்லாது. பிரெத்தாஞ் பிரான்சிலேயே பன்றி வளர்ப்பு மிகுந்த பகுதி. எருவிலிருந்தும் உரத்திலிருந்தும் நைட்ரேட் ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போகிறது. ஆழமில்லாத, அகன்ற மணல் விரிகுடாவில் வெயில் காலத்தில் அது பாசியை வளர்க்கிறது. கரையில் ஒதுங்கிக் குவிந்து அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளியாகும். மேலே காய்ந்த தோல் மாதிரி இருக்கும், மிதித்தால் உள்ளே அடைந்திருக்கும் வாயு ஒரே மூச்சில் வரும். 2009இல் சேன்-மிஷெல்-ஆங்-கிரேவ் கடற்கரையில் ஒரு குதிரை அப்படித்தான் செத்தது. அதில் வந்தவர் மயங்கி விழுந்தார். 2011இல் எங்கள் வாடகை வீடு இருந்த அதே விரிகுடாவில், குவெசான் ஆற்று முகத்துவாரத்தில், காட்டுப்பன்றிகள் முப்பதுக்கு மேல் செத்துக் கிடந்தன. பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் இதை அசட்டை செய்யாதீர்கள். முட்டை வாடை வந்தால் நின்று பார்க்காமல் விலகிவிடுங்கள்.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "இயற்கை என் கையில் இல்லை, மதாம். வேறு கடற்கரைக்குப் போங்கள்" என்றார். இயற்கை அவர் கையில் இல்லைதான். ஆனால் அந்தக் கரை கோடையில் மூடப்படுவது அவருக்குத் தெரியும். சாவி கொடுத்த அம்மாளே "போன வருஷமும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டார். அதை மறைத்து வாடகை வாங்கியதைத்தான் நான் மோசடி என்கிறேன்.

மீதி நாட்களைக் காரிலேயே கழித்தோம். ஒன்றே கால் மணி நேரம் ஓட்டி பெரோஸ்-கிரெக் பக்கம் புளூமனாக் போனோம். இளஞ்சிவப்புக் கருங்கல் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும், நடுவே அதே நிறக் கல்லில் கட்டிய கலங்கரை விளக்கம். பழைய சுங்கக் காவலர்கள் நடந்த பாதையில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தோம். பிள்ளைகள் அங்கேதான் முதல் தடவை தண்ணீரில் இறங்கினார்கள். பக்வீட் மாவில் சுடும் கலெத்தைச் சாப்பிட்டுவிட்டு, கேழ்வரகு தோசை மாதிரியே இருக்கிறது என்றார் அம்மா. இன்னொரு நாள் லோரியானுக்கு எதிர்க்கரையில் போர்-லூயி கோட்டையில் இருக்கும் கம்பெனி அருங்காட்சியகம். இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன பூப்போட்ட சீட்டித் துணிகளுக்கு முன்னால் அம்மா வெகுநேரம் நின்றார். பிரெத்தாஞ் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மறுபடியும் போவோம்.

கிளம்பும் நாளில் அடுத்த இடி. அடுப்பின் கண்ணாடித் தட்டில் கீறல் இருக்கிறதாம். திரைச்சீலையில் மசாலா வாடையாம், சலவைக்குப் போட வேண்டுமாம். அதனால் 400 யூரோவும் தர முடியாது என்று எழுதினார். அம்மா ஒரே ஒரு நாள் கானாங்கெளுத்தி வாங்கிக் குழம்பு வைத்தார், சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. அந்தக் கடிதத்தை அம்மாவுக்கு நான் படித்துக் காட்டவில்லை. கீறல் நாங்கள் வருமுன்பே இருந்தது, ஆனால் காட்ட என்னிடம் ஒரு படம்கூட இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் பெட்டியை இறக்கும் முன் ஒவ்வோர் அறையையும் வீடியோ எடுத்து, அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

பாரிஸ் திரும்பியதும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பினேன். பதில் இல்லை. அப்புறம் ஒரு தோழி சொல்லித்தான் கொன்சிலியாத்தர் என்ற சமரச அலுவலரைப் பற்றித் தெரிந்தது. கட்டணம் கிடையாது, பல ஊர்களில் மேரியிலேயே உட்காருவார். 5,000 யூரோவுக்கு உட்பட்ட பண வழக்கு என்றால் நீதிமன்றம் போகும் முன் இப்படி ஒரு சமரச முயற்சி எப்படியும் தேவை. அவர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பேசினார். விளம்பரத்தை நான் அச்செடுத்து வைத்திருந்தது அங்கே உதவியது. நவம்பரில் 250 யூரோ வந்தது. வாடகையில் ஒன்றும் வரவில்லை.

போகிறவர்கள் வீட்டுக்காரரிடம் கடற்கரையின் பெயரைக் கேளுங்கள். "பக்கத்தில் நிறைய இருக்கிறது" என்பது பதில் இல்லை. பெயர் கிடைத்ததும் அந்த ஊர் மேரிக்குப் போன் போட்டு, போன கோடையில் கரை மூடியிருந்ததா என்று கேளுங்கள். இரண்டு நிமிட வேலை, நேராகச் சொல்லிவிடுவார்கள். கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையையும் பாருங்கள். புதுச்சேரியில் ஓதம் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுதான். பிரெத்தாஞ்சின் வடகரையில் பெரிய ஓத நாட்களில் அது 10 மீட்டரைத் தாண்டும். அட்டவணையில் ஓதத்தின் வலிமையைக் காட்டும் எண் 100க்கு மேல் இருக்கும் நாட்களில் தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கி, பிறகு வேகமாகத் திரும்பும். படத்தில் கடல் வாசலில் இருந்தாலும், நீங்கள் போகும் நேரத்தில் கண்ணுக்கெட்டிய வரை சேறாக இருக்கலாம்.

அந்த விளம்பரம் இன்னமும் தளத்தில் இருக்கிறது. அதே படம், அதே "5 நிமிடம்". சேன்-பிரியூ விரிகுடாவில் ஆகஸ்டுக்கு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் யாராவது இருந்தால், நாளைக் காலையே அந்த ஊர் மேரிக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.