கிருஷ்ணகிரியில வாங்குன பூகம்ப மாடல், ஸ்கூலுக்கு எடுக்கலாமா?

ரவுண்டானா பக்கத்துல அறிவியல் கண்காட்சிக்கு மாடல் செஞ்சு விக்கிற ஒரு சின்ன கடை இருக்கு, எரிமலை, இதயம், சூரிய குடும்பம்னு அடுக்கி வச்சிருப்பாங்க, அங்கதான் எங்க ஸ்கூலுக்கு இந்த பூகம்ப மாடலை 1800 ரூபாய்க்கு வாங்கினோம். நான் பாலக்கோடு பக்கம் புவியியல் டீச்சர், அதனால கொஞ்சம் விவரமாவே எழுதுறேன்.

பொதுவா கிடைக்கிற மாடல்ல ரெண்டு கட்டையை எதிரும் புதிருமா தள்ளிட்டு முடிச்சுடுவாங்க. பூகம்பம்னா ஒரே ஒரு ஃபால்ட் (பாறையில இருக்குற, ரெண்டு பக்கமும் உரசி நகர்ற பிளவு) நகர்றதுன்னு பசங்க மனசுல பதிஞ்சு போயிடுது. நிஜத்துல பெரிய ஃபால்ட் நகர்ந்தா சுத்துவட்டாரத்துல பாறைக்குள்ள இருக்குற அழுத்தமே மாறிடும், சில இடத்துல கூடும் சில இடத்துல குறையும், ஏற்கனவே நழுவுற நிலைமையில இருக்குற சின்ன ஃபால்ட்டுக்கு அந்தக் கொஞ்ச மாற்றமே போதும். இதைக் காட்டுற மாடலை நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

ப்ளைவுட் ட்ரேல ஒரு பக்கம் கட்டை, இன்னொரு பக்கம் தடிமனான ஃபோம், ரெண்டும் தொடுற இடத்துல உப்புத்தாள் ஒட்டியிருக்கு. ஃபோம்ல அங்கங்க சாய்வா பிளேடால கீறி, ஒவ்வொரு கீறலுக்கும் குறுக்க வெள்ளை பெயின்ட்ல கோடு போட்டிருக்காங்க. ஹேண்டிலை மெதுவா சுத்தணும், ஃபோம் இழுபட்டு வளையும், ஒரு கட்டத்துல டக்குனு வழுக்கும், அப்போ சில கீறல்ல மட்டும் வெள்ளைக் கோடு லேசா விலகி நிக்கும். எல்லா கீறலும் நகராது, அதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சுது.

கலிபோர்னியா ரிட்ஜ்க்ரெஸ்ட்ல 2019 ஜூலை 4 அன்னைக்கு 6.4, மறுநாள் 7.1னு பூகம்பம் வந்துச்சு. முன்னாடியும் பின்னாடியும் எடுத்த சேட்டிலைட் ரேடார் படங்களை ஒப்பிட்டப்போ மெயின் ஃபால்ட்டுக்கு வெளியவும் நிறைய சின்ன பிளவுகள் நகர்ந்திருந்தது, தெற்க இருக்குற கார்லாக் ஃபால்ட் கூட கொஞ்சம் நழுவியிருந்துச்சு. இதுல சில பிளவு, வழக்கமா நகர வேண்டிய திசைக்கு நேர் எதிரா நகர்ந்திருக்கு. ஃபால்ட்டைச் சுத்தி நொறுங்கிப்போன பாறை மெத்துனு இருக்கும், பூகம்பத்துல இழுவிசை குறைஞ்சதும் அந்த மெத்தான பட்டை மத்த பாறையை விட அதிகமா பின்வாங்கும்னு இதுக்கு ஒரு விளக்கம் சொல்றாங்க. மாடல்லயும் ஒரு கீறல்ல இளகின ஸ்பாஞ்ச் பட்டை வச்சிருக்காங்க, அங்க ஹேண்டில் சுத்தும்போது வளைஞ்ச கோடு வழுக்கினதும் பின்னாடி வருது. ஒன்பதாவது படிக்கிற ஒரு பொண்ணு, "டீச்சர், இது மட்டும் ஏன் ரிவர்ஸ்ல போகுது?"ன்னு அவளே கண்டுபிடிச்சு கேட்டா, எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

குறைன்னு பார்த்தா, தூரத்துல நடக்குற தாக்கத்தை இதுல காட்ட முடியாது. 2017 செப்டம்பர்ல மெக்சிகோ சியாபாஸ்ல 8.2 வந்தப்போ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி கலிபோர்னியாவுல இருக்குற சான் ஆண்ட்ரியாஸ் ஃபால்ட்டோட தெற்குப் பகுதி மெதுவா நழுவுச்சு, அவ்ளோ தூரத்துல பாறையைத் தள்ளுற அழுத்தம் ஒண்ணும் மிஞ்சாது, கடந்து போன அதிர்வலையோட குலுக்கல்தான் காரணம். இதை நாமதான் வாயால சொல்லணும். கூடவே இன்னொண்ணும் சொல்லிடுங்க, 2023 பிப்ரவரி 6 துருக்கியில 7.8 வந்து சுமார் 9 மணி நேரத்துல பக்கத்து ஃபால்ட்ல 7.5 வந்துச்சே, அது தனி பெரிய பூகம்பம், நான் மேல சொன்ன சின்ன பிளவுகள் மில்லிமீட்டர், சென்டிமீட்டர் கணக்குல நழுவுறது வேற, பசங்க ரெண்டையும் குழப்பிக்கிறாங்க.

உப்புத்தாள் சீக்கிரம் தேஞ்சுடுது, அப்புறம் டக்குனு வழுக்காம சும்மா நகருது. கடைக்கார அண்ணன்கிட்ட சொன்னேன், "ஃபெவிகால் போடாம ஸ்க்ரூ வச்சு மாட்டித் தரேன் டீச்சர், தேஞ்சா நீங்களே மாத்திக்கலாம்"னாரு. வாங்குறவங்க அந்த மாதிரியே கேட்டு வாங்குங்க, ஸ்பாஞ்ச் பட்டை இருக்குற மாடல்தானான்னும் பார்த்துக்கோங்க, ஏன்னா அது இல்லாத பழைய மாடலும் அதே விலைக்கு வச்சிருக்காங்க.