டெல் பவர்எட்ஜ் ஆர்730: பழைய சர்வர் ஒன்றை வாங்கி இரண்டு ஆண்டுகள் ஓட்டிய பிறகு

நான் பணியாற்றும் பாலிடெக்னிக்கின் கணினித் துறைக்கு டெல் பவர்எட்ஜ் ஆர்730 சர்வர் ஒன்றை வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அது புதியதல்ல. பெரிய அலுவலகங்கள் கழித்துவிடும் சர்வர்களை வாங்கி, துடைத்து, சோதித்து விற்கும் கடை ஒன்றில் எடுத்தோம். 14 கோர் கொண்ட இன்டெல் ஜியான் இ5-2680 வி4 பிராசசர் இரண்டு, 16 ஜிபி ரேம் எட்டு, பல டிஸ்குகளை ஒன்றாக இணைத்து நிர்வகிக்கும் பெர்க் எச்730 ரெய்டு கார்டு, 750 வாட் பவர் சப்ளை இரண்டு, 3.5 அங்குல ஹார்டு டிஸ்க் எட்டு வைக்கும் இடம் ஆகியவை அதில் இருந்தன. மாணவர்கள் லினக்ஸ், டேட்டாபேஸ், நெட்வொர்க் பயிற்சிகளைச் செய்வதற்குத் தனித்தனி மெய்நிகர் கணினிகளை, அதாவது ஒரே சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் கணினிகளைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் தேவை. அந்தத் தேவையை இது இன்றுவரை குறையின்றி நிறைவேற்றி வருகிறது.

இந்த மாடல் 2014-இல் வெளிவந்தது. எங்களிடம் உள்ள பிராசசர் 2016-இல் வந்தது. வேகம் மட்டுமே வேண்டுமென்றால் இன்றைய நல்ல மேசைக் கணினி ஒன்றே சில வேலைகளில் இதை முந்திவிடும். அப்படியிருந்தும் இதைப் பரிந்துரைக்கிறேன் என்றால், காரணம் இதன் வேகமல்ல. எங்கே பழுது, எந்த உறுப்பில் பழுது, எப்போதிலிருந்து பழுது என்பதை இந்த இயந்திரம் தானே சொல்லிவிடுகிறது என்பதுதான். ரேம் கெட்டுப்போன மேசைக் கணினி திடீரென்று உறைந்து நிற்கும், காரணம் தெரியாமல் நாமும் விண்டோஸை மூன்று முறை மாற்றிப் போட்டுக்கொண்டிருப்போம். முழுநேர சர்வர் பராமரிப்பாளர் இல்லாத எங்களைப் போன்ற இடங்களுக்கு இந்த வேறுபாடு பெரியது.

வாங்க நினைப்பவர்கள் சர்வருக்கு முன்பே, அதைப் பொருத்தி வைக்கும் இரும்புச் சட்டகமான ரேக்கைப் பற்றி யோசிக்க வேண்டும். 19 அங்குல ரேக்கில் 1யூ என்பது 44.45 மில்லிமீட்டர் உயரம். ஆர்730 அதைப் போல் இரு மடங்கு, அதாவது 2யூ. உயரமும் அகலமும் எல்லா ரேக்குகளிலும் பொருந்திவிடும். ஆழத்தில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். இந்தச் சர்வர் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் நீளமுள்ளது. நெட்வொர்க் ஸ்விட்சுகளுக்காகச் சுவரில் மாட்டியிருக்கும் 600 மில்லிமீட்டர் ரேக்கில் இது அடங்காது, அடங்கினாலும் அந்தச் சுவர் போல்ட்டுகள் இந்த எடையைத் தாங்குமென்று நம்பக் கூடாது. நாங்கள் தரையில் நிற்கும், 1000 மில்லிமீட்டர் ஆழமுள்ள, நான்கு தூண் ரேக் ஒன்றைத் தனியாக வாங்கினோம்.

சர்வரை ரேக்கில் தாங்கி, முன்னால் இழுக்கவும் உதவும் ரெயில்கள் அதனோடு வரவில்லை. கேட்டபோது, "மேசை மேலேயே வைத்து ஓட்டலாம் சார், நிறைய பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்" என்று கடைக்காரர் சொன்னார். அந்தப் பேச்சை ஏற்காமல், இந்த மாடலுக்கான சறுக்கு ரெயில்களைத் தேடித் தனியே வாங்கியது நாங்கள் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. அவற்றை மாட்ட ஸ்க்ரூ டிரைவர் தேவையில்லை. ரேக் தூணின் சதுரத் துளைகளில் முனையைப் பொருத்தித் தள்ளினால் கொக்கி தானாகப் பூட்டிக்கொள்ளும். பிறகு உள் ரெயில்களை முன்னால் முழுதாக இழுத்து, அவை பூட்டி நின்றபின், சர்வரை இருவர் இருபுறமும் பிடித்துத் தூக்கி, முதலில் அதன் பின்பக்கக் குமிழ்களை ரெயிலில் உள்ள கொக்கி வடிவப் பள்ளங்களில் இறக்கி, அதன்பின் முன்பக்கத்தை மெதுவாகத் தாழ்த்த வேண்டும். எல்லாக் குமிழ்களும் பள்ளத்தில் அமர்ந்தபின் பூட்டு விழும் சத்தம் கேட்கும். முதல் முறை இடது பக்கத்தில் அந்தச் சத்தம் வரவில்லை. குனிந்து பார்த்தால் ஒரு குமிழ் மட்டும் பள்ளத்தின் விளிம்பில் ஏறி நின்றது. கவனிக்காமல் உள்ளே தள்ளியிருந்தால் ரெயில் வளைந்திருக்கும். ஹார்டு டிஸ்குகளைக் கழற்றி, எந்த டிஸ்க் எந்த இடம் என்று எண் எழுதி வைத்துவிட்டுத் தூக்கினால் எடையும் குறையும், கையும் நிதானமாக இருக்கும்.

மின்சாரத்தைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். சர்வரை இயக்கும் முன் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னேன். 11 வோல்ட் காட்டியது. சர்வர் வைக்கும் இடத்தில் இது ஓரிரு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கட்டடத்தின் பின்னால் இருந்த எர்த் குழி பல கோடைகளாகத் தண்ணீர் காணாமல் வறண்டு கிடந்தது. கரியும் உப்பும் புதிதாக இட்டு, தண்ணீர் ஊற்றி, துருப்பிடித்த இணைப்பைச் சுத்தம் செய்து இறுக்கிய பின்னர்தான் அளவு சரியாயிற்று. இன்றும் கோடையில் வாரம் ஒருமுறை அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம்.

இரண்டு பவர் சப்ளைகளையும் இரண்டு வெவ்வேறு யூபிஎஸ்களில் இணைப்பதே முறை. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் இரண்டு பவர் சப்ளை இருப்பதன் பயன் போய்விடும். முதல் நாள் முன்பக்கச் சிறு திரை நீலத்துக்குப் பதில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்து, இரண்டாவது பவர் சப்ளைக்கு மின்சாரம் வரவில்லை என்று எழுத்தில் காட்டியது. இரண்டாவது யூபிஎஸ்ஸின் பின்புற ஸ்விட்சைப் போட மறந்திருந்தோம். சிறிய தவறுதான், ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதிக வேலை இல்லாத நேரத்தில் எங்கள் சர்வர் சுமார் 130 வாட் எடுக்கிறது. அதுவே மாதத்துக்கு ஏறத்தாழ 94 யூனிட் ஆகிறது, ஏசி தனிக்கணக்கு. வாங்கும் விலையை மட்டும் பார்ப்பவர்கள் இதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

அறையின் வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும். காற்று முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் வெளியேறுவதால், ரேக்கின் முதுகு சுவரை ஒட்டி நிற்கக் கூடாது. உள்ளே ஆறு ஃபேன்கள் இருக்கின்றன. சர்வரை இயக்கிய முதல் நிமிடத்தில் அவை எழுப்பும் இரைச்சல் அடுத்த வகுப்பறை வரை கேட்கும், பிறகு அடங்கிவிடும். டெல் தயாரிப்பு அல்லாத கார்டு எதையாவது பிசிஐ இடத்தில் செருகினால், அதன் வெப்பநிலை தனக்குத் தெரியாது என்பதால் சர்வர் ஃபேன்களை வேகப்படுத்திவிடும். பாதுகாப்புக்காகச் செய்திருக்கும் ஏற்பாடுதான் என்றாலும், ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்யும் அறைக்கு இது ஒத்துவராது.

இனி ஐடிராக். இந்தச் சர்வரை விரும்ப வைத்தது இதுதான். ஐடிராக் என்பது சர்வருக்குள்ளேயே தனியாக ஓடும் ஒரு சிறு கணினி. சர்வர் அணைந்திருந்தாலும், மின்சாரம் வந்துகொண்டிருக்கும் வரை இது விழித்திருக்கும். ஆர்730-இல் இருப்பது அதன் எட்டாம் தலைமுறை. பிரவுசரில் 192.168.0.120 என்ற முகவரியைத் திறந்து, பயனர் பெயர் ரூட், கடவுச்சொல் கால்வின் என்று கொடுத்தால் நுழைந்துவிடலாம். இவைதான் தயாரிப்பாளர் வைத்து அனுப்பும் அமைப்பு. உலகமே அறிந்த கடவுச்சொல் என்பதால் நுழைந்தவுடன் அதை மாற்றுவதும், மாணவர்கள் பயன்படுத்தும் நெட்வொர்க்கிலிருந்து ஐடிராக்கைப் பிரித்து வைப்பதும் கட்டாயம். பழைய உரிமையாளரின் கடவுச்சொல்லோடு சர்வர் வந்தால் திகைக்க வேண்டாம். இயங்கத் தொடங்கும்போது எஃப்2 விசையை அழுத்தி, ஐடிராக் அமைப்புகளில் நுழைந்து, எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவரலாம்.

வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஐடிராக்கின் லைசன்ஸ் எக்ஸ்பிரஸா, என்டர்பிரைஸா? என்டர்பிரைஸ் இருந்தால்தான் சர்வரின் திரையை நம் கணினியிலேயே பார்த்து, வீட்டில் இருந்தபடியே ஆபரேட்டிங் சிஸ்டத்தைக்கூட நிறுவ முடியும். எங்களிடம் இருப்பது என்டர்பிரைஸ். அது இல்லாதிருந்தால் விடுமுறை நாட்களில் பலமுறை கல்லூரிக்கு ஓடியிருப்பேன்.

மெய்நிகர் கணினிகளுக்கு டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருளைத் தேர்ந்தெடுத்தோம். டிஸ்குகளைத் தானே நிர்வகிக்கும் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையை அதில் பயன்படுத்துவதால், எச்730 கார்டை ரெய்டு முறையிலிருந்து எச்பிஏ முறைக்கு மாற்றி, டிஸ்குகளை நேரடியாக ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் ஒப்படைத்தோம். நிறுவுவதில் சிக்கல் ஏதும் வரவில்லை.

நான்காம் மாதத்தில்தான் உண்மையான சோதனை வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை ஐடிராக்கிலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. எம்இஎம்0702 என்ற குறியீட்டோடு, பி3 இடத்தில் (இரண்டாம் பிராசசரின் மூன்றாம் இடம்; முதல் பிராசசரின் இடங்கள் ஏ எனத் தொடங்கும்) உள்ள ரேமில், சர்வர் தானே சரிசெய்துகொள்ளும் திருத்தக்கூடிய பிழைகள் அளவுக்கு மேல் பெருகிவிட்டன என்பது செய்தி. மெய்நிகர் கணினிகள் எல்லாம் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தன. மாணவர் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. ரேம் முற்றிலும் கெட்டு சர்வர் விழுவதற்கு முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது.

மாலையில் வகுப்புகள் முடிந்ததும் சர்வரை அணைத்து, இரண்டு வயர்களையும் உருவி, ரெயிலில் முன்னால் இழுத்து, மேல்மூடியைத் திறந்தோம். பிராசசர்களுக்கும் ரேம்களுக்கும் காற்றைத் திருப்பிவிடும் கருப்பு பிளாஸ்டிக் மறைப்பை எடுத்தால் ரேம் வரிசைகள் தெரியும். ஒவ்வொரு பிராசசருக்கும் பன்னிரண்டு இடங்கள். முதல் நான்கின் பிடிகள் வெள்ளை, அடுத்த நான்கு கருப்பு, கடைசி நான்கு பச்சை. ரேமை இந்த நிற வரிசைப்படியே நிரப்ப வேண்டும் என்பதால் கையேடு அருகில் இல்லாவிட்டாலும் தவறு நேராது. "சார், புது ரேமைப் போட்டுவிடலாமா?" என்று ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்யும் தம்பி கேட்டார். "பொறுங்கள் தம்பி, முதலில் ஏ3-இல் உள்ளதையும் பி3-இல் உள்ளதையும் இடம் மாற்றுவோம்" என்றேன். பிழை ரேமைத் தொடர்ந்து ஏ3-க்கு வந்தால் ரேம்தான் கெட்டது. பி3-லேயே நின்றால் அந்த இடமோ, பிராசசர் அமர்ந்திருக்கும் சாக்கெட்டின் ஊசிகளோ கெட்டிருக்கலாம். பின்னது புது ரேமால் தீராத பழுது. இடம் மாற்றி, பழைய பதிவுகளைச் சேமித்துவிட்டு அழித்து, சர்வரை மீண்டும் ஓட்டினோம். மூன்றாம் நாள் ஏ3 என்று செய்தி வந்தது. அந்த ஒரு ரேமை மட்டும் மாற்றினோம், அதன்பின் அந்தப் பிழை வரவில்லை. விற்ற கடை, சோதனைக் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லி மாற்றித் தர மறுத்துவிட்டது. பழைய சர்வர் வாங்குபவர்கள் 15 நாள் உத்தரவாதத்துக்கு ஒப்புக்கொள்ளாமல் மூன்று மாதமாவது எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மற்ற பழுதுகள் சிறியவை. நீண்ட விடுமுறையில் மின்சாரத்தை முழுதாக நிறுத்திவைத்து மீண்டும் இயக்கியபோது கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துபோனதே காரணம். எந்தக் கடையிலும் கிடைக்கும் அதை மாற்றியதும் சரியாயிற்று. ஒருமுறை ஐடிராக் பக்கம் திறக்கவே இல்லை. சர்வரை முறையாக அணைத்து, இரண்டு வயர்களையும் பிடுங்கி, பவர் பட்டனை இருபது விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிவிட்டு மீண்டும் இணைத்ததும் வந்துவிட்டது. பழைய டிஸ்குகளில் ஒன்று பின்னர் செயலிழந்தது. இசட்எஃப்எஸ்ஸில் இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் அமைப்பை வைத்திருந்ததால் தரவு எதையும் இழக்கவில்லை. ஆனால் சர்வரோடு வரும் பழைய டிஸ்குகளை நம்பி முக்கியமான தரவை வைக்க வேண்டாம்; டிஸ்குகளை மட்டும் புதிதாக வாங்குங்கள்.

தனி அறை இல்லாத அலுவலகத்துக்கும், ஒரு கணக்கு மென்பொருளை மட்டும் ஓட்ட நினைக்கும் கடைக்கும் இதை வாங்கச் சொல்ல மாட்டேன். இரைச்சலும் மின்கட்டணமும் அங்கே கட்டுப்படியாகாது. இணையத்தில் நேரடியாகத் திறந்துவைக்கும் சேவைக்கும் இத்தனை வயதான இயந்திரம் வேண்டாம். பயிற்சிக் கூடம், சோதனைக் கூடம், உள் நெட்வொர்க்கிலேயே முடிந்துவிடும் வேலைகள் ஆகியவற்றுக்கு, ரெயிலோடும், என்டர்பிரைஸ் லைசன்ஸோடும், இரண்டு பவர் சப்ளைகளோடும் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். ரேம் ஒன்றைக் கூடுதலாக வாங்கி, அதன் வகையை உறையில் எழுதி, ரேக்கின் அடித்தட்டிலேயே வைத்துவிடுங்கள். எங்களிடம் இப்போது அப்படி இரண்டு இருக்கின்றன.