மண்ணை அளந்ததில் குறையில்லை, பயிர்ப் பட்டியலில் உண்டு

ஆலைக் கழிவுநீர் பல ஆண்டுகள் பாய்ந்த எங்கள் நிலத்தில் எதைப் பயிரிடலாம் என்று அறிவதற்காக, மண் பரிசோதனையோடு பயிர்ப் பரிந்துரையும் வழங்கும் ஓர் ஆய்வகத்தை அணுகினேன். அளவிடும் பணியை அவர்கள் செம்மையாகவே செய்தார்கள். மாதிரி எடுக்கத் துத்தநாகப் பூச்சுள்ள வாளியைப் பயன்படுத்த வேண்டாம் என்று முன்கூட்டியே எச்சரித்ததில் அவர்களுடைய அனுபவம் தெரிந்தது. காட்மியம், ஈயம், ஆர்சனிக் ஆகியவற்றின் மொத்த அளவோடு நின்றுவிடாமல், வேர் உறிஞ்சக்கூடிய அளவையும் மண்ணின் கார அமில நிலையையும் தனித்தனியே தந்திருந்தார்கள். பயிரைத் தீர்மானிக்க உதவுபவை இந்தப் பின்னிரண்டுமே. மொத்த காட்மியம் சமமாக உள்ள இரு வயல்களில், பொதுவாக அமிலத்தன்மை மிகுந்த வயலின் கீரையில்தான் அது கூடுதலாக ஏறும்.

கீரைகளை அடியோடு விலக்கியதும், ஒட்டிய மண்ணோடு ஈயம் வந்துவிடும் என்பதால் முள்ளங்கி, கேரட் வகைகளைத் தவிர்த்ததும், இலையைவிடக் காயிலும் தானியத்திலும் உலோகம் குறைவாகச் சேரும் பூசணி, அவரை, மக்காச்சோளம் ஆகியவற்றை முன்னிறுத்தியதும் சரியே. ஆனால் நெல்லுக்கு 'ஏற்றது' என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துவிட்டார்கள். தண்ணீர் தேங்கி நிற்கும் வயலில் ஆர்சனிக் கரைந்து நெல்மணிக்குள் ஏறும். நீரை வடித்துக் காயவிட்டால் அது குறைந்து, காட்மியம் ஏறும். இரண்டும் உள்ள நிலத்துக்கு நீர்ப் பாய்ச்சலைக் குறிப்பிடாத நெல் பரிந்துரை பாதிப் பரிந்துரைதான். ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில் காட்மியம் ஏறிய அரிசியை உண்டவர்களுக்கு எலும்பை நொறுக்கும் இதாய்-இதாய் நோய் வந்ததையும், அதன் காரணத்தை அந்நாட்டு அரசு 1968-இல் ஒப்புக்கொண்டதையும் படித்தவர்கள் இதைச் சிறு பிழையாகக் கருதமாட்டார்கள். தொலைபேசியில் கேட்டபோது விளக்கமாகச் சொன்னார்கள்; அதை அறிக்கையிலேயே எழுதியிருக்கலாம்.

கடுகும் சூரியகாந்தியும் மண்ணைத் தூய்மையாக்கும் என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு எத்தனையோ ஆண்டுகள் ஆகும் என்பதும், உலோகம் ஏறிய அந்தத் தாளையும் தட்டையையும் மாட்டுக்குப் போடக்கூடாது என்பதும் அங்கே இல்லை. உணவல்லாத பருத்தியைப் பற்றியோ பேச்சே இல்லை. மிக மோசமான மூலை வயலுக்கு நான் அதையே தேர்ந்தெடுத்தேன்.

பரிசோதனைக்காக இவர்களிடம் தாராளமாகப் போகலாம். பயிர்ப் பட்டியலை மட்டும் கேள்வி கேட்காமல் ஏற்க வேண்டாம். விளைந்த தானியத்தைச் சோதிக்கும் வசதி இவர்களிடம் இல்லாததால், அறுவடைக்குப் பிறகு நான் வேறோர் ஆய்வகத்தைத் தேட வேண்டியிருக்கிறது.