அனபீனா ஆய்வுப் பெட்டி: பாசி நன்று, கையேடு நன்றன்று

நைட்ரஜன் கிடைக்காதபோது நீலப்பச்சைப் பாசியின் இழையில் ஹெட்டிரோசிஸ்ட் (காற்றின் நைட்ரஜனைப் பயன்படும் வடிவுக்கு மாற்றும் சிறப்புச் செல்) உருவாவதை மாணவர்களுக்குக் காட்டவென்று விற்கப்படும் ஆய்வுப் பெட்டி ஒன்றை இருமுறை பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். அனபீனா என்னும் நீலப்பச்சைப் பாசியின் பி.சி.சி. 7120 வகை வளர்ப்பு, நைட்ரேட் சேர்த்த பி.ஜி.-11 ஊடகம், நைட்ரேட் சேர்க்காத அதே ஊடகம், ஹெட்டிரோசிஸ்டின் உறையை நீலமாகக் காட்டும் அல்சியன் நீலச் சாயம் ஆகியவை இதில் உள்ளன.

பாசியின் தரத்தில் குறையில்லை, குறையெல்லாம் கையேட்டில்தான். வளர்ப்பில் ஒரு மில்லிலிட்டரை எடுத்து, நைட்ரேட் இல்லாத ஊடகம் ஐம்பது மில்லிலிட்டரில் அப்படியே விடுமாறு அது கூறுகிறது. பழைய ஊடகத்தில் லிட்டருக்கு 1.5 கிராம் சோடியம் நைட்ரேட் இருப்பதால், புதியதிலும் லிட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம் சேர்ந்துவிடுகிறது. பட்டினி போட வேண்டிய பாசிக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தால் எப்படி? முதல் முறை 24 மணி நேரம் கழித்தும் ஒரு ஹெட்டிரோசிஸ்ட்கூடத் தென்படவில்லை.

இரண்டாம் முறை, இழைகளை மையவிலக்கியில் இட்டு, நைட்ரேட் இல்லாத ஊடகத்தால் மூன்று தடவை கழுவிய பின்னரே வளர்த்தேன். மறுநாள் சாயமிட்டுப் பார்த்தபோது, சுமார் பத்து செல்களுக்கு ஒன்றாக, தடித்த உறையில் நீலம் ஏறிய செல்கள் தெளிவாகத் தெரிந்தன. அண்டை செல்களைவிட அவை சற்றுப் பெரியவை, நிறம் வெளிறியவை; அண்டை செல்லோடு இணையும் முனைகளில் ஒளிரும் புள்ளி ஒன்றும் இருந்தது.

இந்த இடைவெளி ஏன் இவ்வளவு ஒழுங்காக அமைகிறது என்பதே மாணவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. கையேடோ "நைட்ரஜன் குறைந்தால் செல் மாறும்" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது. நைட்ரஜன் குறையும்போது செல்லில் 2-ஆக்சோகுளூட்டரேட் என்னும் கார்பன் சேர்மம் சேர்வதும், அதை உணர்ந்து என்.டி.சி.ஏ. புரதம் செயல்படுவதும், அதன் வழியே, செல்லை ஹெட்டிரோசிஸ்டாக மாறச் செய்யும் ஹெட்.ஆர். புரதம் தூண்டப்படுவதும், மாறத் தொடங்கிய செல்லிலிருந்து வரும் பேட்.எஸ். பெப்டைடு (சிறு புரதத் துண்டு) அண்டை செல்களை மாறவிடாமல் தடுப்பதும் அரைப் பக்கத்தில் அடங்கும் செய்திகள். காற்றின் நைட்ரஜனை மாற்றும் நைட்ரோஜினேஸ் நொதி ஆக்சிஜனால் கெடும் என்பதைச் சொல்லாமல் தடித்த உறையின் தேவையை விளக்கவும் முடியாது.

பாசிக்கு நைட்ரஜன் தரும் அம்மோனியத்தைச் சேர்த்த மூன்றாவது குடுவை ஒன்றும் இருந்திருக்க வேண்டும். அம்மோனியா ஹெட்டிரோசிஸ்ட் உருவாவதைத் தடுப்பதை பாசி ஆய்வாளர் ஃபாக் 1949-இலேயே எழுதியிருக்கிறார். நானே அம்மோனியம் குளோரைடு சேர்த்து வைத்த குடுவையில் ஒன்றுகூட உருவாகவில்லை. வகுப்பில் அதிகம் பேசப்பட்டது அந்தக் குடுவைதான்.

"நைட்ரஜன் அற்றது" என்னும் புட்டியின் உட்பொருள் பட்டியலில் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் இருக்கிறது. அளவு சொற்பம், முடிவைக் கெடுக்கவில்லை; ஆயினும் அந்த முரணை முதலில் கண்டுபிடித்தவர் ஒரு மாணவி, விற்பனையாளர் அல்லர்.